இரண்டு சுற்று

"அக்கா, குறை நினைக்காதீங்கோ. உங்கட பூச்சியள் நல்ல வடிவு. ஆனா மீன் தொடேல்லை."

போன ஒக்டோபர் முதல் வாரம், லீட்ஸில் இருக்கும் சின்னம்மாவின் மகன் அனுப்பிய குரல்பதிவு இது. அரிசி களைந்துகொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு மூன்று தரம் கேட்டேன். நல்லூர்த் திருவிழாவுக்கு ஓகஸ்டில் வந்தவன், மீனை ஏமாற்ற முள்ளில் நூலும் இறகும் சுற்றி நான் கட்டிய 12 தூண்டில் பூச்சிகளைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து எடுத்துப் போயிருந்தான். அவன் மீன்பிடிக்கப் போவது யோர்க்ஷயரில் ஓடும் வார்ஃப் ஆற்றுக்கு. அங்கே ட்ரவுட் என்ற ஆற்றுமீன் பிடிக்கும் காலம் செப்டெம்பர் 30 உடன் முடிந்துவிடும். அதற்கு முந்திய மூன்று சனிக்கிழமைகளும் என் பூச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறான். ஒரு மீனும் தொடவில்லை. அதோடு நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. அம்மப்பா கட்டிய பூச்சி ஒன்றையும் போனில் படமெடுத்துக்கொண்டு போனவன், அதைப் பார்த்துத் தானே ஒன்று கட்டியிருக்கிறான். கடைசிச் சனிக்கிழமை அதற்கு நான்கு மீன் வந்தனவாம்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஆற்றில் தண்ணீர் வற்றியிருக்கும், வெயில் எறித்திருக்கும், அவன் வீசியது சரியில்லாமல் இருந்திருக்கும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் அவனோடு வாதாடினேன். அம்மப்பாவின் பூச்சிகள் எனக்குப் புதியவை அல்ல. மெலிந்திருக்கும். இறகு ஏதோ உதிர்ந்து மிஞ்சியது போல் பத்துப் பன்னிரண்டு இழைதான் நிற்கும். முள்ளின் பின்பாதி வெறும் இரும்பாகத் தெரியும். கண் மங்கிய காலத்தில் கட்டியவை, அதுதான் இப்படி என்று நினைத்திருந்தேன். அவர் குறையாக விட்டதைத்தான் நான் நிறைவாக்கிக் கட்டுகிறேன் என்று நம்பியிருந்தேன்.

பிஸ்கட் பேணி

அம்மப்பா ரயில்வேயில் கிளாக்கர். ஐம்பதுகளில் சில வருடம் பட்டிப்பொல ஸ்டேசனில் இருந்தார். இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் அது, கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். அங்கிருந்து ஹோட்டன் சமவெளி கிட்ட. ட்ரவுட் இந்த நாட்டு மீனல்ல. 1880களில் வெள்ளைக்காரர் முட்டைகளாகக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் அங்கே பெருகவில்லை. பிறகு வந்த வானவில் ட்ரவுட்தான் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் தானாக இனம்பெருக்கி நின்றுவிட்டது. சனி ஞாயிறில் தூண்டில் தடியோடு வந்து இறங்கும் தோட்டத்துரை ஒருவர், தன்னிடம் மிஞ்சிய பூச்சிகளைக் காட்டி "இப்படிக் கட்ட முடியுமா?" என்று அம்மப்பாவிடம் கேட்டிருக்கிறார். சீமையிலிருந்து தபாலில் பூச்சி வந்து சேர மாதக்கணக்காகும். அம்மப்பாவுக்கோ பின்னேர ரயில் போனபிறகு மழையையும் பனிப்புகாரையும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. அப்படித் தொடங்கியது. டசின் கணக்கில் கட்டிக் கொடுத்து, அந்தக் காசில் அம்மாவின் அக்காவுக்கு ஒரு சோடி தோடு செய்தார் என்று வீட்டில் சொல்வார்கள்.

77 கலவரத்துக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாறு ஒன்றுதான். கடலேரியில் மீனை ஏமாற்றத் தேவையும் இல்லை. களங்கட்டி வலையை நட்டு வழிகாட்டிவிட்டால் மீனும் இறாலும் தாமாகவே கூட்டுக்குள் போய்ச் சேரும். ஆனாலும் அவர் கட்டுவதை விடவில்லை. விறாந்தையில் சாய்மனைக் கதிரையை ஒதுக்கிவைத்துவிட்டு, முதுகு நிமிர்ந்த சின்னக் கதிரையில் இருந்து, முள்ளை இடது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்தபடி கட்டுவார். முள்ளைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கி ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை. யாருக்கு இது என்று கேட்டால், "கை மறக்கக் கூடாது, பிள்ளை" என்பார். அவ்வளவுதான். 95 ஒக்டோபரில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மா தன் தையல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனபடியால்தான் அவருடைய பிஸ்கட் பேணி தப்பியது. அதற்குள் பழைய ஃபிளனல் துணியில் குத்திவைத்த 31 பூச்சிகள், வெறும் முள் ஒரு கடுதாசிச் சரை, கறுத்துப்போன மெழுகு உருண்டை ஒன்று, நூல் சுற்றிய அட்டைகள் ஏழு.

ஒவ்வொரு அட்டையிலும் ஒரே நூல் இரண்டு இடத்தில் சுற்றியிருந்தது. ஒரு சுற்று பளிச்சென்று, மற்றது மங்கி. மங்கியதற்குக் கீழே பென்சிலால் "ந" என்று ஒரு எழுத்து. நல்லது என்பதாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் மங்கிய நிறம் எப்படி நல்லதாகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஊர்க்கோழியும் குங்கிலியமும்

2020 ஊரடங்கில் நான் கட்டத் தொடங்கினேன். அம்மா தையல்காரி. சட்டைக்கு ஒரு கரை அடித்தாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்; நூல் துருத்திக்கொண்டிருந்தால் பிரித்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். துணி தெரியாமல் நூல் நிரப்பினால்தான் அவருக்கு அது பூவேலை. அந்தக் கை எனக்கும் வந்துவிட்டது. பெரியகடையில் வாங்கிய பூத்தையல் நூலை, ஆறு இழையையும் பிரிக்காமல், முள்ளில் நெருக்கமாக ஐந்து அடுக்குச் சுற்றுவேன். சேவலின் கழுத்திறகை ஆறு ஏழு சுற்று. தலையில் நகப்பூச்சு இரண்டு தரம். காய்ந்தபின் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் கண்ணாடிப்பெட்டியில் வைக்கும் நகை மாதிரி இருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் வடிவு என்றார்கள். இரண்டொருவர் தோடாகப் போடக் கேட்டார்கள்.

அம்மப்பா கட்டியது வேறு மாதிரி. ஆங்கிலத்தில் "பாட்ரிட்ஜ் அண்ட் ஒரேஞ்ச்" என்று பெயர் உள்ள பூச்சியை அவர் "கவுதாரி - தோடம்பழம்" என்று எழுதிவைத்திருந்தார். "ஸ்னைப் அண்ட் பேர்ப்பிள்" அவருக்கு "உள்ளான் - ஊதா". யோர்க்ஷயர்க்காரர்கள் நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டிவரும் பூச்சிகள் இவை. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஊர்ப் பறவைகளில் பாதி எங்கள் வயலிலும் நிற்கின்றன. மாரி தொடங்க உள்ளான் வந்து வயல்களில் இறங்கும். குளத்தோரப் புல்லில் தாழைக்கோழி ஓடும். கவுதாரி அவர்களுடைய பாட்ரிட்ஜுக்குச் சொந்தக்காரன்தான். இவற்றில் கை வைக்கக் கூடாது, வைக்கவும் மாட்டேன். ஊருக்கு வந்தபிறகு அம்மப்பாவும் ஊர்க்கோழிப் பேட்டின் முதுகில் இருந்து விழும் புள்ளி இறகைத்தான் எடுத்தார். பேட்டின் இறகு மென்மையானது, தண்ணீரை உறிஞ்சி அமிழும். சேவல் இறகு விறைப்பானது, நீர் மேல் மிதக்கிற பூச்சிக்குத்தான் அது தோது. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. சேவல் இறகின் மினுக்கம் பிடித்ததால் பேட்டின் இறகைத் தெரிந்தே தவிர்த்தேன்.

மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. பட்டுநூல் முள்ளில் வழுக்காமல் பிடிக்க மெழுகு வேண்டும். சீமையில் சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கும் கறுப்பு மெழுகைத் தேய்ப்பார்கள். 1854இல் ஸ்கொட்லாந்தின் ட்வீட் ஆற்றங்கரையில், கிரீன்வெல் என்ற பாதிரியார் கேட்டதற்காக ஜேம்ஸ் ரைட் என்பவர் கட்டிய பூச்சி இன்றும் பேர்போனது. அதன் உடம்புக்கு எடுப்பது மஞ்சள் பட்டு, ஆனால் அந்த மெழுகு ஏறியபின் அது இளம் ஒலிவ் நிறமாகிவிடும். நிறத்தில் பாதி நூலில், பாதி மெழுகில். அம்மப்பா தன் மெழுகைத் தானே காய்ச்சினார்: குங்கிலியம் ஏறக்குறைய மூன்று பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, இளக்கத்துக்கு ஆமணக்கெண்ணெய் சில துளி. வள்ளத்துக்குப் பூச என்று கடையில் விற்கும் அதே குங்கிலியம்தான். பேணியைத் திறந்தால் இன்றும் கோயில் வாசம் வரும். அந்த உருண்டையை விரலுக்கிடையில் உருட்டிச் சூடாக்கி, நூலை அதற்குள்ளால் ஒருதரம் இழுத்தால், "கிர்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு விறாந்தையும் அவருடைய நரைத்த புருவமும் முன்னால் வந்து நிற்கும்.

வாய்க்கால்

குரல்பதிவு வந்து ஒரு கிழமை இருக்கும். எங்கள் வளவுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். தோட்டக்கார மாமா விடிய ஆறு மணிக்கே மெஷினைப் போட்டுவிடுவார். கிணற்றிலிருந்து தண்ணீர் குழாயால் தொட்டிக்குள் கொட்டி, அங்கிருந்து சீமெந்து வாய்க்காலில் இறங்கி, பிறகு செம்மண் வாய்க்காலில் பாத்திகளுக்குப் போகும். அன்று விடிய நான் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேப்பம் பழுத்தல் சுழன்று, ஒரு கல்லில் முட்டி, விலகி, ஓடிப் போனது. ஓடுகிற தண்ணீர் எங்களிடமும் இருக்கிறது, ஒரு சாண் அகலத்தில் என்று அப்போதுதான் தோன்றியது. நாலு வருடமாக நான் கட்டிய ஒரு பூச்சியையாவது தண்ணீரில் நனைத்துப் பார்த்ததில்லை என்பதும் அதோடு சேர்ந்து தோன்றியது.

உள்ளே ஓடிப் போய் ஒரு முழம் தங்கூசியில் என்னுடைய ஒன்றையும், இன்னொரு முழத்தில் அம்மப்பாவின் "கவுதாரி - தோடம்பழ"த்தையும் முடிந்துகொண்டு வந்தேன். அவருடையதைத் தண்ணீரில் விட மனம் தயங்கியது. முப்பது வருடப் பழைய பூச்சி, பிரிந்து போனால்? பிறகு, இது நனைவதற்கென்று கட்டியதுதானே என்று இறக்கினேன்.

முதலில் என்னுடையது. சேவல் இறகின் விறைப்பில் கொஞ்சநேரம் மேலே மிதந்து உருண்டது. விரலால் அமத்தினேன். அமிழ்ந்ததும் இறகுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தும்புக்கட்டை நுனி மாதிரி ஒரு கட்டியாகி, அப்படியே நின்றது. தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போனாலும் அது அசையவில்லை, சுழன்றது. ஐந்து அடுக்கு நூலும் ஊறி, உடம்பு ஒரு பயறு முளைத்த மாதிரி வீங்கியிருந்தது.

அடுத்து அவருடையது. விட்ட உடனே அமிழ்ந்துவிட்டது. நான் குந்தியிருந்து, முகத்தைத் தண்ணீருக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பத்துப் பன்னிரண்டு இழைதான் என்று குறைவாக நினைத்தேனே, அந்த இழைகள் ஓட்டத்துக்குப் பின்னால் சாய்ந்து உடம்போடு ஒட்டின. தண்ணீர் கொஞ்சம் தளர்ந்ததும் விரிந்தன. மெஷின் இழுத்து விடும்போது வாய்க்காலில் தண்ணீர் சின்னச் சின்னத் துடிப்பாகத்தான் வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் அவை மூடித் திறந்தன. உடம்பைப் பார்த்தேன். காய்ந்திருக்கும்போது கண்ணைக் குத்துகிற தோடம்பழ நிறம், நனைந்ததும் இருண்டு, பழுத்த புளியங்கொட்டையின் சிவப்புக்கு வந்துவிட்டது. ஒற்றை அடுக்குப் பட்டு கண்ணாடி போலாகி, உள்ளே முள்ளின் இரும்பு ஒரு நிழலாகத் தெரிந்தது. ஒரு பூச்சியின் தோலுக்குள் குடல் தெரிவது போல.

"ந" என்றால் நனைந்தபின்.

மண்வெட்டியோடு தண்ணீர் மாறிக்கொண்டு வந்த மாமா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை அது, உயிரோடயோ கிடக்கு?" என்றார். எது என்று கேட்டேன். என்னுடைய பூச்சியை அவர் பார்க்கவே இல்லை. "அந்தா, அந்தச் சிவத்தது" என்று மண்வெட்டி நுனியால் காட்டினார். ட்ரவுட்டைக் கண்ணால் கண்டிராத மனுசன். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தக் காலை முழுக்க நான் கிணற்றடியில்தான் இருந்தேன். பாத்தி முடிந்து மெஷின் நிற்கும்வரை.

நிறுத்துகிற இடம்

இந்தப் பூச்சி எதைக் காட்டுகிறது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. ட்ரவுட் தன் சாப்பாட்டில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் எடுக்கிறது. ஆற்றின் அடியில் கல்லுக்கிடையில் வளர்ந்த பூச்சி, ஒருநாள் மேலே எழும்பி, தோல் வெடித்துச் சிறகு விரிக்கப் போராடும். பழைய தோல் முழுதும் கழன்றிருக்காது, புதிய சிறகு விரிந்திருக்காது. நீந்தவும் மாட்டாது, பறக்கவும் மாட்டாது. மீனுக்குச் சுகமான இரை அந்த நேரத்துப் பூச்சிதான். கட்டுகிறவர் பிடிக்க வேண்டியதும் அந்தத் தவிப்பைத்தான். அதற்குக் கண்ணும் காலும் சிறகும் தேவையில்லை, அசைவு வேண்டும். நான் பூச்சியின் உருவத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மப்பா தண்ணீருக்கு வேலை விட்டுவைத்திருந்தார்.

இதை ஸ்கொட்லாந்துக்காரர் டபிள்யூ. சி. ஸ்டுவர்ட் 1857இலேயே எழுதிவிட்டார்: மென்மையான இறகு வேண்டும், மிகக் குறைவாகக் கட்ட வேண்டும், அப்போதுதான் அது தண்ணீரில் உயிருள்ளது போல் இருக்கும் என்று. நான் அதை வாசித்தவள்தான். இன்னும் பின்னால் போனால், கி.பி. 200 அளவில், மகதோனியாவில் ஓர் ஆற்றுக்கரை மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் இரண்டு இறகு வைத்துப் புள்ளிமீன்களைப் பிடித்ததை ஏலியன் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். அங்கேயும் இரண்டே இறகுதான். வாசித்ததெல்லாம் தலையில் இருந்தது, கை அதைக் கேட்கவில்லை. கைக்கு அம்மாவின் பாடம்தான் பழக்கம்: இடைவெளி விடாதே, நிரப்பு, உறுதியாக்கு. அது தப்பான பாடமும் அல்ல. அம்மா தைத்த பாவாடை பத்து வருடம் கிழியாது. சட்டை தைக்க வேண்டிய கையால் நான் பூச்சி கட்டினேன், அவ்வளவுதான்.

இப்போது கட்டுவது இப்படி. 14ஆம் நம்பர் முள், ஒரு நெல்மணி நீளம். பட்டு ஒற்றை இழை, மெழுகில் ஒருதரம் இழுத்தது. முள்ளின் கண்ணுக்குக் கீழே தொடங்கி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, முள்ளின் கூர் எங்கே இருக்கிறதோ அதற்கு நேரே வரும்வரைதான் சுற்ற வேண்டும். அதற்கு அப்பால் போகக் கூடாது. மிச்சம் வெறும் இரும்பு. திரும்பி வந்து, பேட்டின் முதுகிறகில் அடிப்பஞ்சைப் பிய்த்துவிட்டு, நுனியால் கட்டி, இரண்டு சுற்று. இழை முள்ளின் வளைவைத் தாண்டுகிற நீளம் போதும். பிறகு நாலு சுற்றுத் தலை, முடிச்சு. நகப்பூச்சு இல்லை. எழுதினால் ஐந்து வரி. ஆனால் இரண்டாவது சுற்று முடிந்து இறகின் காம்பு இன்னும் விரலில் நிற்கும்போது, இன்னொரு சுற்றுக்கு இடமும் இருக்கும், இறகும் இருக்கும். அந்த இடத்தில் கத்தரிக்கோலை எடுப்பது எனக்கு இன்றுவரை லேசாக வரவில்லை. பெருவிரல் தானாக முன்னுக்குப் போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வெட்டுகிறேன்.

கட்டியதும் செம்பில் தண்ணீர் எடுத்து நனைத்துப் பார்க்கிறேன். காய்ந்த பூச்சியை யாருக்கும் காட்டுவதில்லை. தம்பியின் ஆற்றில் மார்ச் 25க்கு ட்ரவுட் காலம் தொடங்கும். அதற்கு முன்னால் ஆறு பூச்சி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். "அவசரமில்லை அக்கா, ஆறுதலாக் கட்டுங்கோ" என்றான். அம்மப்பாவின் 31இல் ஒன்றைக் கேட்கிறானா என்று பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

முள் இங்கே இலகுவாகக் கிடைப்பதில்லை. அதனால் பழையவற்றைப் பிரிக்கிறேன். சவர பிளேட்டை முள்ளின் முதுகோடு ஒருதரம் இழுத்தால் ஐந்து அடுக்கும் பிளந்து, இறகோடு சேர்ந்து ஒரு தோலாகக் கழன்றுவரும். நகப்பூச்சு ஒட்டிய தலைதான் கஷ்டம், நெருப்பில் காட்ட முடியாது, முள்ளின் பதம் போய்விடும். நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இன்று காலைவரை 19 முள் சுத்தமாகிவிட்டன.